இடது கை பந்திக்கு வந்தது

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை. அடையாறில் என் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதற்காக மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் போய் இறங்கினேன். துணைக்கு வருகிறேன் என்ற மனைவியை வேண்டாமென்று தடுத்துவிட்டுத் தனியாகத்தான் போயிருந்தேன். சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினேன். ஓட்டுநர் வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது... காலங்காத்தால மொத போணி. லெஃப்ட்ல நீட்ற?"

பேச்சில் கோபமில்லை, வருத்தம்தான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருப்பேன்.

"மன்னிக்க வேண்டும்," என்றேன்.

"கைக்கு இன்னா சார்?"

"ஒன்றுமில்லை."

"ஒண்ணுமில்லன்னா ரைட்ல குடு."

தர்க்கம் சரிதான். இரண்டு மாதங்களாக நண்பர்களிடமும் உறவினர்களிடமும் மறைத்துவந்த ஒன்றை, பெயர் தெரியாத ஒரு மனிதரிடம், நடுத்தெருவில் நின்று சொன்னேன்.

"வலது கையைத் தூக்க முடியவில்லை, ஐயா."

அவர் முகம் மாறியது. "அத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா சார்? எங்க நைனாவுக்கும் ஒரு கை இப்டித்தான் வராம பூட்ச்சி. கடைசி வரைக்கும் ராஜாவாட்டம் இருந்தாரு." பணத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சொல்லிவிடுவது அவ்வளவு எளிதா? அப்படியானால் வாரந்தோறும் என்னைப் படிக்கும் உங்களிடம் மறைத்து வைத்திருப்பது எந்த வகையில் நியாயம்?

ஆகவே, சொல்லிவிடுகிறேன்.

நெடுநாள் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். எங்கள் அடுக்ககத்தில் மூத்த குடிமக்களுக்கான ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடந்ததைப் பற்றி இதே பத்தியில் எழுதியிருந்தேன். குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் முதல் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்தேன். தயங்கியவர்களுக்கு ஒரு முன்மாதிரி வேண்டாமா? செவிலியர் பொறுமைசாலியான பெண்மணி.

"எந்தக் கையால எழுதுவீங்க சார்?" என்று கேட்டார்.

"வலது கையால்."

"அப்ப லெஃப்ட்ல போட்டுடலாம். ரெண்டு நாள் வலி இருக்கும்."

அதற்கு நான் சொன்ன பதில் அப்படியே அச்சில் வந்தது. 'அம்மா, நான் இதுவரை யாரிடமும் இடது கையை நீட்டியதில்லை. உங்களிடமும் நீட்டமாட்டேன்.' அவர் சிரித்துவிட்டு, "உங்க இஷ்டம் சார்" என்று வலது தோளிலேயே போட்டுவிட்டார்.

கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால்தான் என்ற நம் மரியாதையைப் பற்றி அந்த வாரம் முழுப் பக்கத்துக்கு எழுதினேன். கடிதங்கள் குவிந்தன. ஒரு வாசகர் அதை லேமினேட் செய்து சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டிவிட்டதாகத் தெரிவித்திருந்தார். அவருக்கு ஒரு வேண்டுகோள் — இதைப் படித்து முடித்ததும் தயவுசெய்து அதைக் கழற்றிவிடவும்.

ஊசி போட்ட இடத்தில் இரண்டு நாள் வலித்தது. எல்லோருக்கும் வலிப்பதுதான். மறந்தும்விட்டேன். பத்தாம் நாள் விடியற்காலையில் வலது தோளில் ஒரு வலி எழுப்பியது பாருங்கள்... பல்வலியைத் தோளுக்கு மாற்றி, பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். படுத்தாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. கழுத்தைச் சுளுக்கிக்கொண்டிருப்பேன் என்று நானே தீர்ப்பெழுதித் தைலம் தேய்த்துக்கொண்டேன். பதினைந்து நாள் கழித்து வலி தணிந்தது. தப்பித்தோம் என்று நினைத்த அந்தச் சமயத்தில்தான் கை தணிய ஆரம்பித்தது.

முதலில் மேல் அலமாரிப் புத்தகம் எட்டவில்லை. பிறகு சட்டைப் பொத்தான். அப்புறம் ஒரு நாள் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பேனாவைப் பிடிக்க மறுத்தன. அரசு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டே முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவன் நான். இந்தக் காலத்திலும் மைப்பேனாவால் எழுதி, அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பத்திரிகைக்கு அனுப்புபவன். பேனா கீழே விழுந்ததும் குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குளித்துவிட்டு வந்தபோது முதுகைத் துடைத்துவிட்ட என் மனைவி சிவகாமிதான் முதலில் கவனித்தார்.

"ஏங்க, உங்க வலது தோள்பட்டை எலும்பு தனியா துருத்திக்கிட்டு நிக்குது. கோழி சிறகு விரிச்ச மாதிரி இருக்கு. பயமா இருக்குங்க. டாக்டர்ட்ட போவோம்."

ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தைச் சோதித்தார்கள். என் மகள் வயதுள்ள நரம்பியல் மருத்துவர் நிதானமாக விளக்கினார். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் தோளருகே ஒரு பின்னலாகக் கூடுகின்றன. அந்தப் பின்னலில் அழற்சி.

"ஊசியாலா?" என்று கேட்டேன்.

"ஊசிக்கு அப்புறம் வரலாம் சார், ரொம்ப அபூர்வமா. வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறமும் வரும். ஆபரேஷனுக்கு அப்புறமும் வரும். காரணமே இல்லாமலும் வரும். உங்க விஷயத்துல நாள் கணக்குப் பொருந்துது. ஆனா அதுதான் காரணம்னு என்னால கையெழுத்துப் போட முடியாது."

"இடது கையில் போட்டுக்கொண்டிருந்தால்?"

"அப்பவும் வலது தோளுக்கே வந்திருக்கலாம். அந்த மரியாதையெல்லாம் இதுக்குத் தெரியாது சார்."

"கை திரும்ப வருமா?"

"பெரும்பாலும் வந்துடும். மெதுவா வரும். மாசக்கணக்கு ஆகும், சிலருக்கு வருஷக்கணக்கு. பயிற்சியை விடாம செய்யுங்க. அதுவரைக்கும் இன்னொரு கை இருக்கே?"

இன்னொரு கை இருந்தது. ஆனால் அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். என் இடது கைக்கோ எதுவுமே தெரியாது. எழுபத்திரண்டு வயதில் அது பள்ளிக்கே போகாத கை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு யாராவது ஊசியே வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். எங்கள் அடுக்ககத்தில் அன்று என்னோடு ஊசி போட்டுக்கொண்ட மற்றவர்கள் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். மழைக்காலத்தை இருமாமல் கடந்தார்கள். அடுத்த முறை எனக்கு என்ன செய்யலாம் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நீங்கள் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். பத்தி எழுதுபவனைக் கேட்காதீர்கள்.

ஆனால் நான் வாய் திறக்காமல் இருந்ததற்கு அந்தப் பொதுநலம் மட்டும்தான் காரணமா? இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான். உண்மைக் காரணம் சாப்பாடு. கரண்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு, மேலே பாதி, கீழே பாதியாக நான் சாப்பிடும் கோலத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது. இடது கையை நீட்டமாட்டேன் என்று ஊருக்கு உபதேசம் செய்தவன் அல்லவா? அழைப்பிதழ்களையெல்லாம் தட்டிக்கழித்தேன். மாலை நடைக்குப் போவதை நிறுத்தினேன். வீட்டுக்கு வருகிறேன் என்றவர்களிடம் ஊரில் இல்லை என்று சொல்லவைத்தேன். சொன்னவர் சிவகாமி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

பத்தி மட்டும் நிற்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொள்வார். பிறகு சாப்பாட்டு மேசைக்குப் போய்ப் படியெடுத்து வருவார். பத்திரிகையிலிருந்து ஒரு நாள் தொலைபேசி வந்தது. "சார், இப்பல்லாம் உங்க கையெழுத்து பிரமாதமா இருக்கு. முன்னாடி டைப் பண்றவங்க ரொம்பத் திணறுவாங்க." இரண்டு மாதங்களில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. அதுவும் என்னுடையதல்ல.

ஒரு பிற்பகல், தண்ணீர் குடிக்கப் போனவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

சிவகாமி எழுதிக்கொண்டிருந்தார். தாளை நன்றாகச் சாய்த்து வைத்திருந்தார். பேனா அவருடைய இடது கையில் இருந்தது. என் முன்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கும்போது வலது கையால் எழுத்துக் கூட்டி எழுதுவது போல மெதுவாக எழுதும் அதே பெண்மணி... இங்கே பேனா தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்துகள் ஒரே சீராகச் சாய்ந்து நின்றன.

நிழலைப் பார்த்து நிமிர்ந்தார். சட்டென்று பேனா வலது கைக்கு மாறியது.

அந்த மாற்றத்தின் வேகம்தான் என்னைச் சுட்டது. பல்லாயிரம் முறை பழகாமல் ஒரு கைக்கு அந்த வேகம் வராது.

எங்களுக்குத் திருமணமாகி நாற்பத்து நான்கு ஆண்டுகள். மணமாகி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, என் அலுவலக நண்பர்கள் இருவர் விருந்துக்கு வந்திருந்தார்கள். சிவகாமி தயிர் பரிமாறினார், இடது கையால். நண்பர்களில் ஒருவர் லேசாகச் சிரித்தார். அவர்கள் போன பிறகு நான் சொன்னது இவ்வளவுதான்: "நம் வீட்டில் இடது கை பந்திக்கு வராது." குரலை உயர்த்தவில்லை. கோபித்துக்கொள்ளவில்லை. அன்றோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

முடிந்தது எனக்கு. அவருக்கு அன்றுதான் தொடங்கியிருக்கிறது.

"நீ இடது கைக்காரி என்று எனக்குத் தெரியவே தெரியாதே," என்றேன்.

"தெரியாம பாத்துக்கிட்டேன்," என்றார். "தண்ணி வேணுமா?"

இந்த நேரத்தில்தான் தி. நகரிலிருந்து அழைப்பு வந்தது. சிவகாமிக்கு ஒரே தம்பி. திருநெல்வேலியிலிருந்து வந்து தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். அவருக்கு அறுபதாம் கல்யாணம். அந்தச் சடங்கில் மனைவிக்கு மறுபடியும் தாலி கட்டுவார்கள். முதல் முடிச்சைக் கணவர் போடுவார். மீதி முடிச்சுகளைப் போட வேண்டியவர் அவருடன் பிறந்த சகோதரி. நாத்தனார் முடிச்சு. வேறு யாரும் போட முடியாது.

"நீ மட்டும் போய் வா," என்றேன்.

"உங்க சட்டைக்கு யார் பொத்தான் போடுவா? மதியம் யார் சோறு பிசைஞ்சு வைப்பா? எல்லாத்துக்கும் மேல, அங்க ஒவ்வொருத்தரும் அத்தான் எங்க, அத்தான் எங்கன்னு கேப்பாங்க. இன்னும் எத்தனை பொய்தாங்க சொல்றது? எனக்குச் சொல்லி முடியலை." அழைப்பிதழை மடித்து வைத்தார். "நானும் போகலை. அவன்ட்ட சொல்லிடறேன்."

சொல்லியும்விட்டார். மறுநாள் தம்பி என்னைக் கூப்பிட்டார்.

"என்ன அத்தான், அக்கா இப்படிச் சொல்லுதா? அவ வராம நான் எப்படித் தாலி கட்டுதது? என் மேல ஏதும் கோவமா? நேர்ல வந்து கால்ல விழணும்னாலும் விழுதேன்."

கோபமெல்லாம் இல்லை, வேலை இருக்கிறது என்றேன். "சரி அத்தான்," என்று போனை வைத்தார் அந்த அறுபது வயது மனிதர். சமையலறையில் குழாய்த் தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. சிவகாமி ஒருபோதும் தண்ணீரை வீணாக்குபவர் அல்ல.

இதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் அந்த ஆட்டோ.

அடையாறிலிருந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலேயே சொன்னேன். "உன் தம்பிக்குப் போன் போடு. வருகிறோம். கைக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடு."

சிவகாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டர் என்ன மாத்திரை குடுத்தார்?" என்றார்.

மண்டபத்தில் முடிச்சுப் போடும் நேரம் வந்தது. நான் முதல் வரிசையில் இருந்தேன். இடது விரல்களால் மஞ்சள் கயிற்றை வளைத்து, வலது விரல்களால் பிடித்துக்கொண்டு, இரண்டே நொடிகளில் இறுக்கி முடித்தார் சிவகாமி. முடிச்சைப் பார்ப்பதற்குப் பதிலாக அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தவன் அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான்.

அதன் பிறகு பந்தி.

நழுவிவிடலாம் என்று எழுந்தேன். தம்பி விடவில்லை. "உங்களுக்கு எது சௌகரியமோ அப்படிச் சாப்பிடுங்க அத்தான். யார் என்ன சொல்லப் போறா? ரெண்டு வாய் சாப்பிடாம நீங்க படியிறங்கக் கூடாது." உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் சிவகாமி. எதிர் வரிசையில் ஒரு துணிக்கடை உரிமையாளர், தம்பியின் சிநேகிதர். என்னை வாசிப்பவராம். சாதம் வந்தது. சாம்பார் வந்தது. கரண்டி ஒன்று கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஏனோ கேட்கத் தோன்றவில்லை. இடது கையை இலையில் வைத்தேன்.

பிசைவது என்பது இவ்வளவு பெரிய வித்தையா? பருக்கைகள் மடியில் விழுந்தன. சாம்பார் மணிக்கட்டு வரை வந்தது.

துணிக்கடைக்காரர் பார்த்துவிட்டார். "என்ன சார், அன்னைக்கு எழுதுனீங்களே, இடது கையை நீட்டவே மாட்டேன்னு? எங்க கடைப் பையன்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டினேன். நீங்களே இப்படி..."

கேலிதான். பகை இல்லை. ஆனாலும் வரிசையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவது என்று முடிவு செய்தேன். காலை ஊன்றியும்விட்டேன்.

பக்கத்து இலையில் ஏதோ அசைந்தது. சிவகாமி தம் வலது கையை இலையிலிருந்து எடுத்தார். டம்ளர் தண்ணீரை இலையோரம் ஊற்றி அதைக் கழுவினார். முந்தானையில் துடைத்தார். பிறகு இடது கையைச் சோற்றில் வைத்துப் பிசையத் தொடங்கினார்.

"அண்ணாச்சி, அவருக்குக் கையில நரம்பு வீக்கம். சரியாயிடும்," என்றார் துணிக்கடைக்காரரிடம். "எனக்கு வீக்கமெல்லாம் கிடையாது. நான் பொறந்ததுல இருந்தே இப்படித்தான்."

பரிமாறுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்த தம்பி நின்றுவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏ அக்கா... இந்தக் கையில நீ சாப்பிட்டுப் பாத்து எத்தனை வருஷமாச்சு. இதே கையாலதானே எனக்கு உருட்டி உருட்டிக் குடுப்ப. கல்யாணத்துக்கு அப்புறம் எங்க போச்சுன்னு நினைச்சேன்."

அது எங்கே போயிற்று என்பது அந்த மண்டபத்தில் இருவருக்குத்தான் தெரியும். சிவகாமி சொல்லவில்லை. நானும் அங்கே சொல்லவில்லை. அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

ரசம் வந்ததும் துணிக்கடைக்காரர் சங்கடத்தோடு என் இலையைப் பார்த்தார். "ரசம் சாதத்தைக் கொஞ்சம் கெட்டியா பிசைங்க சார்," என்றார். "ஒழுகாது." நல்ல யோசனை. பாயசம் வரை உட்கார்ந்திருந்தேன்.

நான் பருக்கைகளைச் சிந்திக்கொண்டிருந்த அந்த அரைமணி நேரமும் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவகாமியின் இலையில் ஒரு பருக்கை வெளியே விழவில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகளாக அவருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அவர் நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

வீடு திரும்பும் வழியில், காரில், ஆரம்பித்தேன். "சிவகாமி... அன்று அந்தத் தயிர்..."

"பழசெல்லாம் எதுக்குங்க," என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "தயிர்தான்னு ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கிறது."

அதற்குள் மயிலாப்பூர் வந்துவிட்டது.

கை எப்படி இருக்கிறது என்று இனிமேல் நீங்கள் கேட்பீர்கள். தோள் கொஞ்சம் அசைகிறது. சென்ற வாரம் காபி டம்ளரை மார்பளவுக்குத் தூக்கினேன். மருத்துவருக்கு மகிழ்ச்சி. பேனா இன்னும் வலது கைக்கு வரவில்லை. வரும் என்கிறார்.

இந்தப் பத்தியை இடது கையால் நானே எழுதியிருக்கிறேன். ஐந்து நாட்கள் ஆயின. பத்திரிகையிலிருந்து புகார் வரும் என்று எதிர்பார்க்கிறேன். சிவகாமி பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார். "தாளை நல்லா சாய்ச்சு வைங்க. இல்லாட்டி எழுதினதெல்லாம் கையில அப்பிடும். அழுத்தாதீங்க, நிப் போயிடும்." இப்படி ஒவ்வொரு வரிக்கும் ஒரு திருத்தம். இத்தனை ஆண்டுகளாக யாரும் என் எழுத்தைத் திருத்தியதில்லை. பழகிக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது தயிர் இடது கையால்தான் பரிமாறப்படுகிறது. ருசியில் எந்த மாற்றமும் இல்லை.